ஓடும் பாக்கெட்டைச் சரியான இடத்தில் படமெடுப்பது எப்படி? தொழிற்சாலை கேமராவுக்கு ட்ரிக்கர் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஆத்தூர் பக்கம் போகிறவர்களுக்கு ஜவ்வரிசி என்றால், வெயிலில் வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடக்கும் களம்தான் ஞாபகம் வரும். என் பிழைப்பு அதன் கடைசி ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. அரைக் கிலோ பாக்கெட்டாகி, பெல்ட்டில் ஓடி, அட்டைப் பெட்டிக்குள் விழுவதற்கு முன்னால் உள்ள இடம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பாக்கெட்டில் தேதி இல்லாமல் போனால் அந்தப் பெருமையெல்லாம் செல்லாது. பிரிண்டர் முனை அடைத்துக்கொண்டு பத்து பாக்கெட் வெறுமையாகப் போய்விட்டால், கடைக்காரர் பத்தை மட்டும் திருப்பி அனுப்ப மாட்டார், லோடையே அனுப்புவார். அதனால் கேமரா.

கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், எந்த லென்ஸ் என்று நிறைய விசாரிக்கிறார்கள். "எப்போது படம் எடுக்க வேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் சாஃப்ட்வேர்காரர் தலையில் கட்டிவிடுகிறார்கள். நான் போய்ப் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில் பிறந்தவைதான். கேமராவுக்கு "இப்போது எடு" என்று சொல்லும் சிக்னலுக்குப் பெயர் ட்ரிக்கர். இந்த வழிகாட்டி அதற்கு மட்டும்.

கணக்கு புரிவதற்காக ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேக்கிங் மெஷின்கள் ஒரே பெல்ட்டில் பாக்கெட் போடுகின்றன. பெல்ட் வேகம் விநாடிக்கு 400 மி.மீ. பாக்கெட் நீளம் 150 மி.மீ. தேதி பிரிண்டின் அகலம் 50 மி.மீ. கேமரா 1440 × 1080 பிக்சல், பெல்ட் ஓடும் திசையில் அது பார்ப்பது 72 மி.மீ. அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 0.05 மி.மீ. பிரிண்ட் நடுவில் விழுந்தால் இரண்டு பக்கமும் 11 மி.மீ. மிச்சம் இருக்கும். இந்த 11 மி.மீ.தான் நம் கையிருப்பு. இதற்குமேல் பிசகினால் எழுத்து வெட்டுப்படும்.

படி 1: யார் சொல்லி கேமரா படமெடுக்கப் போகிறது?

மூன்று வழி உண்டு. முதல் வழி, கேமரா தன் பாட்டுக்கு ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கும்; பாக்கெட் இருக்கிற படத்தை சாஃப்ட்வேர் தேடிக்கொள்ளும். லென்ஸ் ஃபோகஸ் பண்ண இது போதும், லைன் ஓட்ட உதவாது. இரண்டாவது, கம்ப்யூட்டர் "எடு" என்று கட்டளை அனுப்பும். அதற்கு சாஃப்ட்வேர் ட்ரிக்கர் என்று பெயர். மூன்றாவது, சென்சாரிலிருந்து ஒரு கம்பி நேராகக் கேமராவுக்குப் போகும். இது ஹார்டுவேர் ட்ரிக்கர்.

ஓடும் பெல்ட்டுக்கு மூன்றாவதுதான். ஏன் என்று சொல்கிறேன். சேலம் ஐந்து ரோட்டில் நின்று டவுன் பஸ் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். தினமும் சரியாகப் பத்து நிமிடம் லேட்டாக வரும் பஸ்ஸால் தொல்லையே இல்லை, நீங்களும் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் போதும். ஒரு நாள் இரண்டு நிமிடம், ஒரு நாள் பதினைந்து நிமிடம் என்று வரும் பஸ்தான் வேலையைக் கெடுக்கும். ட்ரிக்கரிலும் அப்படித்தான். மாறாத தாமதத்தைச் சரிக்கட்டிவிடலாம், மாறுகிற தாமதத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கம்ப்யூட்டர் வழியாகப் போகும் கட்டளை ஒரு முறை 2 மில்லி செகண்டில் போய்ச் சேரும், இன்னொரு முறை 22 மில்லி செகண்ட் ஆகும். அந்த 20 மில்லி செகண்டில் நம் பாக்கெட் 8 மி.மீ. நகர்ந்துவிடும். கையிருப்பில் முக்கால் பாகம் அங்கேயே போச்சு. மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சி வழியாகச் சுற்றிவிட்டாலும் இதே கதைதான்: அது இன்புட்டுகளை ஒரு சுற்று பார்த்து முடிக்கும் ஸ்கேன் நேரம் 10 மில்லி செகண்ட் என்றால் 4 மி.மீ. வரை ஆடும். கேமராவின் ஹார்டுவேர் இன்புட்டில் இந்த ஆட்டம் மைக்ரோ செகண்ட் கணக்கில் அடங்கிவிடும். ஆகவே சென்சார் கம்பி நேராகக் கேமராவுக்கு. பிஎல்சிக்கும் அந்தச் சிக்னல் வேண்டுமென்றால் கிளை பிரித்துக் கொடுங்கள்.

படி 2: எக்ஸ்போஷரும் ஷட்டரும்

ட்ரிக்கர் வயரில் கை வைக்கும் முன் இதைக் கணக்குப் போட வேண்டும். கேமரா ஒளியை வாங்கும் நேரமான எக்ஸ்போஷருக்குள் பாக்கெட் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு எழுத்து இழுபடும். ஒரு பிக்சலுக்கு மேல் இழுபடக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 0.05 மி.மீ.யை 400-ஆல் வகுக்க வேண்டும்: 125 மைக்ரோ செகண்ட். நான் 100 வைப்பேன். வெளிச்சத்தைக் கேமரா தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாக்கெட் வராத நேரத்தில் கறுப்பு பெல்ட்டைப் பார்த்துக் கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டி வைத்திருக்கும், அடுத்து வரும் வெள்ளை ஜவ்வரிசி கண்ணைக் கூசும்.

ஷட்டர், எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டராக இருக்க வேண்டும். ரோலிங் ஷட்டரில் வரிசைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பதிவாகின்றன. வரிசைக்கு 10 மைக்ரோ செகண்ட் என்றாலே 1080 வரிசைக்கும் ஏறக்குறைய 11 மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் பாக்கெட் 4 மி.மீ.க்கு மேல் ஓடிவிடும், எழுத்தெல்லாம் சாய்ந்து நிற்கும். விலை குறைவு என்று ரோலிங் ஷட்டர் வாங்கி வந்தவர்களிடம் கடையில் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

படி 3: சென்சாரை எங்கே வைப்பது

பாதி வெற்றி இங்கே இருக்கிறது, ஆனால் அவசரமாகக் கிடைத்த ஓட்டையில் போல்ட் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் எந்த வகை சென்சார் என்பது. பொருள்மேல் ஒளி பட்டுத் திரும்புவதைப் பார்க்கும் வகை, பாக்கெட் வேலைக்கு நம்பகமில்லை. பளபளக்கும் பிளாஸ்டிக்கில் சுருக்கத்துக்குச் சுருக்கம் ஒளி வேறு வேறு பக்கம் தெறிக்கும்; ஒரே பாக்கெட்டுக்கு மூன்று ட்ரிக்கர் வரும். ஏற்காட்டுக் காப்பித்தூள் அடைக்கும் அலுமினிய ஃபாயில் பாக்கெட் இதைவிட மோசம், அது கண்ணாடி மாதிரி. ஒரு பக்கம் அனுப்பும் முனை, எதிர்ப் பக்கம் வாங்கும் முனை என்று இரண்டு துண்டாக வரும் சென்சார்தான் எனக்குப் பிடித்தது. ஜவ்வரிசிப் பாக்கெட்டின் சீல் விளிம்பு ஒளியை ஊடுருவ விட்டாலும், உள்ளே இருக்கும் சரக்கு ஒளியை நன்றாக மறைக்கும். பெல்ட்டிலிருந்து 10 மி.மீ. உயரம் வையுங்கள். மடங்கியும் நிமிர்ந்தும் வரும் சீல் விளிம்பை அது கண்டுகொள்ளாது, சரக்கு தொடங்கும் இடத்தைத்தான் பிடிக்கும்.

மாவுத் தூசியை மறக்காதீர்கள். ஜவ்வரிசி ஆலையில் அது எல்லா இடத்திலும் படியும். சென்சார் முகத்தில் படிந்தால் மெல்ல மெல்ல ஒளி குறைந்து, ஒரு நாள் பாக்கெட் இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லும். இரண்டு முனையையும் வாரம் ஒரு முறை துடைக்க ஆள் வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம் தூரம். வழக்கமாக சென்சாரைக் கேமராவுக்கு முன்னால், அதாவது பாக்கெட் வரும் பக்கம் வைத்து, "இத்தனை மில்லி செகண்ட் கழித்து எடு" என்று டிலே கொடுப்பார்கள். ஒரு பேக்கிங் யூனிட்டில் சென்சார் 250 மி.மீ. முன்னால் இருந்தது. 250-ஐ 400-ஆல் வகுத்தால் 625 மில்லி செகண்ட். டிலேயில் அந்த எண்ணைப் போட்டிருந்தார்கள். காலையில் எல்லாம் நன்றாக ஓடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தால் தேதி ஓரத்தில் வெட்டுப்படும். சாஃப்ட்வேரை இரண்டு முறை மாற்றிப் போட்டும் தீரவில்லை. பெல்ட் மோட்டாருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கிடையாது, நேரடி இணைப்பு. ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 52-ல் ஓடினால் மோட்டாரும் 4 சதவீதம் வேகமாகச் சுற்றும். 250 மி.மீ.யில் 4 சதவீதம் 10 மி.மீ. கையிருப்பு 11-தான், மீதியை பாக்கெட்டின் கோணல் தின்றுவிட்டது.

டிலே எவ்வளவு நீளமோ, வேக மாற்றத்தால் வரும் பிசகும் அவ்வளவு நீளம். அதனால் டிலேயைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். நம் பாக்கெட்டில் சரக்கின் முன் விளிம்பிலிருந்து பிரிண்டின் நடுப்பகுதி 90 மி.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். சென்சாரைக் கேமராவைத் தாண்டி 90 மி.மீ. அந்தப் பக்கம் மாட்டுங்கள். முன் விளிம்பு சென்சாரைத் தொடும் கணத்தில் பிரிண்ட் சரியாகக் கேமராவுக்குக் கீழே நிற்கும். டிலே தேவையே இல்லை. பெல்ட் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் கவலையில்லை. முதல் தடவை சொல்லும்போது யாரும் நம்புவதில்லை, "கேமராவைத் தாண்டிப் போன பிறகு எப்படி சார் எடுக்கும்?" என்பார்கள். தாண்டியது முன் விளிம்புதான், பிரிண்ட் அல்ல.

படி 4: ஒட்டி வரும் பாக்கெட்

இரண்டு மெஷினும் ஒரே பெல்ட்டில் போட்டால் சில பாக்கெட்டுகள் முட்டிக்கொண்டு வரும். நடுவே இடைவெளி இல்லாததால் சென்சாருக்கு அது ஒரே நீளமான பாக்கெட். ஒரே ட்ரிக்கர், ஒரே படம், இரண்டாவது பாக்கெட் சோதனை இல்லாமலே போய்விடும்.

எந்த செட்டிங்கிலும் இதற்கு மருந்தில்லை. பெல்ட்டை இரண்டாகப் பிரித்து, கேமரா இருக்கும் பெல்ட்டை வேகமாக ஓட்ட வேண்டும். முந்தைய பெல்ட் 300, கேமரா பெல்ட் 400 என்றால், முட்டி வரும் 150 மி.மீ. பாக்கெட்டுகளின் முனைக்கு முனை தூரம் 200 ஆகிவிடும். நடுவே 50 மி.மீ. வெளிச்சம் தெரியும். சென்சாருக்கு அது தாராளம்.

படி 5: வயரிங்

சென்சாரில் பழுப்பு 24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். பிஎன்பி வகை சென்சார் சிக்னல் வரும்போது 24 வோல்ட்டைக் கொடுக்கும். கறுப்பை, சிக்னலை ஒளி வழியாக வாங்கி உள்சர்க்யூட்டைப் பிரித்துக் காக்கும் கேமராவின் ஆப்டோ இன்புட்டுக்கும், 0 வோல்ட்டை ஆப்டோ கிரவுண்டுக்கும் கொடுங்கள். சிக்னல் வரும்போது 0 வோல்ட்டோடு இணைக்கும் என்பிஎன் வாங்கிவிட்டால் இணைப்பு தலைகீழாகும். புதிதாக வாங்குகிறவர்கள் பிஎன்பி வாங்கிவிடுவது மேல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல கேமராக்களில் ஆப்டோ இன்புட் ஒன்றும், அதற்குப் பக்கத்திலேயே பொதுப் பயன்பாட்டு லைன் ஒன்றும் இருக்கும். இரண்டாவது நேரடியாகக் கேமராவின் உள்சர்க்யூட்டோடு சேர்ந்தது, குறைந்த வோல்ட்டேஜ்தான் தாங்கும். அதில் 24 வோல்ட்டைக் கொடுத்தால் கேமரா போயேவிடும். இணைப்பு முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போன தடவை வேறு கேமராவில் கொடுத்த கலரை நம்பிக் கொடுக்காமல், கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

சிக்னல் கேபிள், இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போட வேண்டாம். கழிவு பாக்கெட்டை ஊதித் தள்ளும் சொலினாய்டு வால்வுக்குத் தனி சப்ளை, காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு. இல்லையென்றால் வால்வு அடிக்கும் ஒவ்வொரு முறையும் பாக்கெட் இல்லாமலே ஒரு படம் வரும்.

படி 6: கேமராவுக்குள் செட்டிங்

ஐரோப்பிய இயந்திரப் பார்வைச் சங்கம் பராமரிக்கும், கேமரா செட்டிங்குகளுக்குப் பொதுப் பெயர் வைக்கும் ஜென்ஐகேம் தரத்தின் புண்ணியத்தில், எந்தக் கம்பெனி கேமராவானாலும் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கம்ப்யூட்டரில் கேமராவின் சாஃப்ட்வேரைத் திறந்து இந்த வரிசையில் போங்கள்.

ட்ரிக்கர் செலக்டரில், ஒவ்வொரு படத்தையும் தொடங்கி வைக்கும் ஃப்ரேம் ஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ட்ரிக்கர் மோடை ஆன் செய்யுங்கள். வரிசை முக்கியம், ஒவ்வொரு செலக்டருக்கும் தனித்தனி மோட் உண்டு. தவறுதலாக, படமெடுக்கும் தொடரையே தொடங்கி வைக்கும் அக்விசிஷன் ஸ்டார்ட்டிலும் மோடை ஆன் செய்துவிட்டால், வராத ஒரு சிக்னலுக்காகக் கேமரா காத்துக்கொண்டே இருக்கும். சென்சார் விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை என்று அழைக்கும் பலருக்கும் இதுதான் காரணம்.

ட்ரிக்கர் சோர்ஸ்: கம்பி எந்த லைனில் இருக்கிறதோ அது, உதாரணமாக லைன் 1. ட்ரிக்கர் ஆக்டிவேஷன்: ரைசிங் எட்ஜ், அதாவது சிக்னல் எழும்பும் கணம். ஒளி மறையும்போது சிக்னல் வரும்படி சென்சாரை அமைத்திருந்தால்தான் இது முன் விளிம்பைக் குறிக்கும். மாறியிருந்தால் பாக்கெட்டின் பின் விளிம்பு கடக்கும்போது ட்ரிக்கர் வரும், படம் 150 மி.மீ. தள்ளிப்போகும். ஒவ்வொரு படத்திலும் வெறும் பெல்ட்டே தெரிகிறதா? முதலில் இதைப் பாருங்கள்.

எக்ஸ்போஷர் மோடை டைம்டு என்று வைத்து 100 கொடுங்கள். ட்ரிக்கர் விட்த் என்று ஒன்று இருக்கும், அதில் சிக்னல் இருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். நம் பாக்கெட் சென்சாரைக் கடக்க 375 மில்லி செகண்ட் ஆகும். படம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லைன் டிபவுன்சர் என்பது, குறிப்பிட்ட நேரத்துக்கு நிலைத்து நிற்காத சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விடுவது. 50 முதல் 100 மைக்ரோ செகண்ட் வைத்தால் மின்சார இரைச்சலில் வரும் பொய் ட்ரிக்கர் குறையும். அதே அளவு தாமதம் கூடும், ஆனால் அது மாறாத தாமதம், போகட்டும்.

படி 7: வெளிச்சம்

100 மைக்ரோ செகண்ட் எக்ஸ்போஷருக்குக் கூரையிலிருக்கும் ட்யூப் லைட் பத்தாது. பத்தாதது மட்டுமல்ல, நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் இருட்டு என்று வரும். படமெடுக்கும் கணம் மட்டும் மின்னும் எல்இடி ஸ்ட்ரோப் போட்டு, சுற்றிலும் ஒரு தகரக் கூண்டு அடித்துவிடுங்கள்.

ஸ்ட்ரோபைக் கேமராதான் எரிய வைக்க வேண்டும். அவுட்புட் லைனுக்கு எக்ஸ்போஷர் ஆக்டிவ் என்று சோர்ஸ் கொடுத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மட்டும் சிக்னல் போகும். அந்த அவுட்புட் மிகக் குறைந்த கரண்டுதான் தரும். விளக்கை நேராக அதில் மாட்டாமல் லைட் கன்ட்ரோலருக்குக் கொடுங்கள். கன்ட்ரோலர் முழு வெளிச்சத்துக்கு வர சில பத்து மைக்ரோ செகண்ட் எடுத்தால், 100-ல் கணிசமான பங்கு இருட்டிலேயே போய்விடும். அப்படியானால் லைட்டுக்குச் சற்று முன்னதாகச் சிக்னல் போகும்படி வைக்கலாம். கேமராவில் அந்த வசதி இல்லாவிட்டால் லைட்டை சென்சாரால் எரிய வைத்து, கேமராவுக்கு மட்டும் சிறிது டிலே கொடுக்கலாம்.

படி 8: அளந்து பாருங்கள்

சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பாக்கெட்டின்மேல் அளவுகோலை நகலெடுத்த காகிதத்தை ஒட்டுங்கள். அதே பாக்கெட்டை 20 முறை ஓட்டுங்கள். படத்தில் ஒரே கோடு எந்தெந்த பிக்சலில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 60 பிக்சல் என்றால் 3 மி.மீ., அதாவது 7.5 மில்லி செகண்ட் ஆட்டம். நேரடி வயரிங்கில் இவ்வளவு வரக் கூடாது; எங்கோ பிஎல்சியோ சாஃப்ட்வேரோ நடுவில் நிற்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. ஜெனரேட்டரிலும் ஒரு முறை இதே சோதனையைச் செய்யுங்கள்.

படி 9: எண்ணிக்கையும் ரிஜெக்டும்

இனி பெரிய ஆபத்து. ஊதித் தள்ளும் குழாய் கேமராவுக்கு 600 மி.மீ. தள்ளி இருக்கிறது. 200 மி.மீ.க்கு ஒரு பாக்கெட் என்றால், கேமராவுக்கும் குழாய்க்கும் நடுவில் எந்த நேரத்திலும் மூன்று பாக்கெட் வரிசையில் நிற்கும். சாஃப்ட்வேர் "நல்லது, நல்லது, கெட்டது" என்று வரிசையாகத் தீர்ப்பை அனுப்புகிறது. ஒரே ஒரு படம் வழியில் தொலைந்தால், அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு தீர்ப்பும் பக்கத்துப் பாக்கெட்டுக்குப் போகும். ஒரு இடத்தில் நல்ல பாக்கெட்டெல்லாம் கழிவுத் தொட்டியில் கிடந்தன, தேதியில்லாதவை பெட்டிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று தூங்கி எழுந்ததில் ஒரு படம் விட்டுப்போயிருந்தது.

அதனால் நேரத்தை வைத்தோ வரிசையை வைத்தோ ரிஜெக்ட் செய்யாதீர்கள். பெல்ட் நகரும் தூரத்தைப் பல்ஸ்களாகத் தரும் என்கோடர் ஒன்றைப் பெல்ட்டில் மாட்டுங்கள். சுற்றளவு 200 மி.மீ. சக்கரம், சுற்றுக்கு 1000 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸ் 0.2 மி.மீ. ட்ரிக்கர் வந்த கணத்தில் எண்ணிக்கை எவ்வளவோ அதுதான் அந்தப் பாக்கெட்டின் அடையாளம். அதிலிருந்து 3000 பல்ஸ் கழித்துக் குழாய்க்குக் கீழே அதே பாக்கெட் நிற்கும், பெல்ட் நடுவில் நின்று ஓடினாலும் சரி. விநாடிக்கு 2000 பல்ஸ் வரும்; சாதாரண பிஎல்சி இன்புட் இதை எண்ணாது, ஹை ஸ்பீடு கவுன்டர் வேண்டும். மாவு படிந்த பெல்ட்டில் சக்கரம் வழுக்கும், ஸ்பிரிங் அழுத்தம் கொடுங்கள். குழாய்க்கு வந்துசேரும் வரை தீர்ப்பு வராத பாக்கெட் எதுவானாலும் தள்ளிவிடும்படி எழுதுங்கள். நான்கு நல்ல பாக்கெட் வீணாவது பரவாயில்லை.

500 பாக்கெட் ஓட்டி, சென்சார் எண்ணிக்கை, கேமரா எண்ணிக்கை, தீர்ப்பு எண்ணிக்கை மூன்றும் 500 வருகிறதா பாருங்கள். சென்சார் கூடுதல் காட்டினால் பொய் ட்ரிக்கர் அல்லது கேமரா தவறவிட்ட ட்ரிக்கர். கேமரா சரியாக இருந்து தீர்ப்பு குறைந்தால் நெட்வொர்க்.

படி 10: சேமிப்பு

கேமராவில் மாற்றிய எதுவும் கரண்ட் போனால் அழிந்துவிடும், கேமராவுக்குள்ளேயே செட்டிங்கைச் சேமிக்கும் இடமான யூசர் செட்டில் சேமிக்காவிட்டால். யூசர் செட் 1-ஐத் தேர்ந்து சேவ் கொடுங்கள். அதோடு விடாமல், கேமரா எழும்போது இந்த செட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று டீஃபால்ட்டிலும் அதையே குறியுங்கள். இரண்டாவதை மறந்தால், கரண்ட் வந்ததும் ட்ரிக்கர் மோட் ஆஃபாகி, கேமரா தன் இஷ்டத்துக்கு எடுத்துத் தள்ளும்.

எல்லாம் முடிந்ததும் முதலாளியைப் பக்கத்தில் நிற்க வைத்து மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஏற்றுங்கள். யாரும் கம்ப்யூட்டரைத் தொடாமல், தேதியில்லாத ஒரு பாக்கெட்டை நடுவில் சொருகி ஓட்டுங்கள். அது ஒன்று மட்டும் தொட்டியில் விழுந்தால், டிலே, எக்ஸ்போஷர், டிபவுன்சர், பல்ஸ் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு பில்லைக் கொடுக்கலாம்.